மூன்று வெள்ளைத் தாள்கள்

அத்தியாயம் 7

சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் வக்கணை காரை ஓரங்கட்டியபோது மணி ஒன்பதே முக்கால். இடதுபக்கம் போனால் வீடு, ஆறு மணி நேரம். வலதுபக்கம் போனால் ஏரிக்கரை நகரம், நாற்பது நிமிடம். அம்புக்குறிப் பலகையில் அந்த நகரத்தின் பெயரை மட்டும் நான்கு மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள்.

"அடேங்கப்பா! ஒரு ஊருக்கு நாலு பாஷையில பேரு. நம்ம ஊருக்கு ஒரே பாஷை, அதுலயும் பாதி பெயின்ட் உதிர்ந்துபோச்சு" என்றான் வக்கணை.

அண்ணி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தொழில் துப்பறிவது. அதற்குமுன் பதினாறு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை. ஊரார் சொல்லும் பொய்களை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொடுத்துக் கை அலுத்துப்போய், மீதி ஆயுளில் கொஞ்சம் உண்மையையும் எழுதிப் பார்க்கலாமே என்று தனியாக அலுவலகம் போட்டவள். வக்கணை அவள் கணவனின் தம்பி. காரும் அவனுடையது, வாயும் அவனுடையது. எதற்கெடுத்தாலும் வக்கணையாகப் பேசுவதால் வந்த பெயர். அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, போலீஸ்காரர்கள் முதல் கட்சிக்காரர்கள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

பின்சீட்டில் இருந்த டெய்லரம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"ஏன் அண்ணி நிறுத்திட்டீங்க? எதாவது மறந்துட்டமா?"

"மறக்கல. இப்பத்தான் ஞாபகம் வருது. அந்தக் கவர் மூணையும் கொஞ்சம் குடுங்க."

டெய்லரம்மாவின் மகள் வீட்டைவிட்டுப் போய் நான்கு வருடம். ஏன் போனாள் என்று தெரியாது, சண்டை சச்சரவு எதுவும் இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்றுதான், மகளைத் தேடித்தரச் சொல்லி வந்த முதல்நாள் டெய்லரம்மா சொன்னாள். போன மகளிடமிருந்து இரண்டாவது வருடம் தொடங்கி வருடத்துக்கு ஒரு கவர் வந்தது. முகவரி மகளின் கையெழுத்து. உள்ளே நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாள். அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. மூன்று வருடம், மூன்று கவர், மூன்றிலும் வெவ்வேறு ஊர்களின் தபால் முத்திரை. போன மாதமே முதல் இரண்டு ஊர்களையும் சல்லடை போட்டாயிற்று. நேற்று முன்தினம் மூன்றாவது ஊர். புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு விடுதி, மருத்துவமனை, துணிக்கடை என்று ஏறி இறங்கியதில் வக்கணையின் செருப்பு வாயைப் பிளந்ததுதான் மிச்சம்.

அண்ணி கவர்களை மடியில் வரிசையாக வைத்தாள்.

"கொழுந்தனாரே, இந்த மூணு ஊருக்கும் என்ன சம்பந்தம்?"

"மூணுலயும் காபி நல்லால்ல."

"ஒண்ணு வடக்கு, ஒண்ணு கிழக்கு, ஒண்ணு மலைக்கு அந்தப் பக்கம். ஒரு பொண்ணு வருஷத்துக்கு ஒரு ஊர்னு மாறிக்கிட்டே இருக்கான்னு நினைச்சோம். அவ ஏன் மாறணும்? அவ இருக்கிற இடத்திலேயே இருந்து, வந்துபோறவங்ககிட்ட 'உங்க ஊருக்குப் போய் இதைத் தபால்ல போட்டுடுங்க'ன்னு குடுத்திருந்தா?"

வக்கணை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"எல்லா ஊர்லேருந்தும் கடிதம் வருதுன்னா, எல்லா ஊர்க்காரனும் வந்துபோற ஒரு ஊர்லேருந்து வருது" என்றாள் அண்ணி. பலகையைக் காட்டினாள். "இந்தச் சாலையில அப்படிப்பட்ட ஊரு ஒண்ணுதான் இருக்கு."

"ஐயையோ. அப்ப நம்ம மூணு ஊரையும் சுத்தினது?"

"தபால்காரன் வேலை பாத்திருக்கோம்."

அண்ணி மூன்றாவது தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மூலையில் கடுகைவிடப் பெரிய ஓர் ஓட்டை. மற்ற இரண்டு தாள்களிலும் அதே மாதிரி, ஆனால் வேறு இடத்தில். முதல்நாளே கேட்டதற்கு, பூச்சி அரித்திருக்கும் என்று டெய்லரம்மா சொன்னாள். அண்ணியும் விட்டுவிட்டாள்.

"டெய்லரம்மா, துணியில பூச்சி அரிச்சா ஓட்டை எப்படி இருக்கும்?"

"கோணல்மாணலா இருக்கும். ஓரமெல்லாம் நைஞ்சு, நூல் நூலா..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"இது கத்தரிச்ச மாதிரி இருக்கு. இலை வடிவம். காம்புகூடத் தெரியுது" என்றாள் அண்ணி.

"ரொம்பக் கலாரசனை உள்ள பூச்சி" என்றான் வக்கணை.

முப்பது வருடம் துணியோடு குடித்தனம் நடத்தியவளுக்குப் பூச்சி அரித்த ஓட்டை எது, வெட்டிய ஓட்டை எது என்று தெரியாதா? அந்தத் தாளை யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று டெய்லரம்மா நினைத்திருக்கிறாள். இன்னொன்றும் அண்ணிக்கு உறுத்தியது. கவர் மூன்றும் அந்தந்த வருடத்தின் ஒரே மாதத்தில், ஒரே வாரத்தில் வந்தவை. 'என் பிறந்தநாளுக்கு அனுப்புறா' என்று டெய்லரம்மா சொல்லியிருந்தாள். முந்தாநாள் விடுதியில் அறை எடுக்கும்போது அவள் நீட்டிய அடையாள அட்டையில் பிறந்த மாதம் வேறாக இருந்தது.

அதை அண்ணி வாய்விட்டுச் சொல்லவில்லை. "வலதுபக்கம் திருப்புங்க" என்றாள். "சாயங்காலம் அஞ்சுக்குள்ள கிளம்பிடணும். ஒரே ஒரு நாள் பாத்துடுவோம்."

நகரம் ஏரியைச் சுற்றி வளைந்து கிடந்தது. கரையோர நடைபாதையில் பத்தடிக்கு ஒரு பாஷை காதில் விழுந்தது. பணம் மாற்றும் கூண்டுகள், குடை வாடகைக் கடைகள், தொப்பி போட்ட சுற்றுலாக் கூட்டங்கள், அவர்களுக்கு முன்னால் மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வழிகாட்டிகள். வேலை செய்கிறவர்களும் எங்கிருந்தோ வந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள். காபிக் கடைக்காரர் ஒரு மொழியில் விலை சொல்லி, இன்னொரு மொழியில் நன்றி சொல்லி, மூன்றாவது மொழியில் தன் உதவியாளரைத் திட்டினார்.

டெய்லரம்மாவை அந்தக் கடையில் ஜன்னலோர மேசையில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு முழங்கால் வலி. தெருத்தெருவாக அலைய முடியாது.

"ஓட்டை போடுற வேலை எங்கெல்லாம் இருக்கும்?" அண்ணி கேட்டாள்.

"பஸ், ரயில், படகு, சினிமா. அப்புறம் காது குத்துற இடம்."

"கடைசியை விட்டுட்டு மத்ததைப் பாருங்க."

பஸ் டிக்கெட்டில் வட்ட ஓட்டை. மலையுச்சிக்குப் போகும் கம்பி ரயிலில் ஓட்டையே இல்லை, கிழித்துக் கொடுத்தார்கள். அதற்குள் மணி ஒன்றரை ஆகிவிட்டது. படகுத்துறை வாசலில் ஒரு பெரிய குப்பைத்தொட்டி. வக்கணை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அதற்குள் தலையை விட்டான். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெளியூர்த் தம்பதி எழுந்து தள்ளிப்போனார்கள்.

"அண்ணி, என் மாமியார் இப்ப என்னைப் பாத்தா, 'நான் அப்பவே சொன்னேன்'னு சொல்வாங்க."

பத்து நிமிடத்தில் கை நிறைய டிக்கெட்டுகளோடு நிமிர்ந்தான். சிலவற்றில் நங்கூர ஓட்டை, சிலவற்றில் முக்கோணம், சிலவற்றில் பிறைநிலா. அடியிலிருந்து எடுத்த ஏழெட்டில் இலை. எல்லாவற்றிலும் 'மூன்றாம் படகு' என்று அச்சாகியிருந்தது.

டிக்கெட் கூண்டுக்காரரிடம் அண்ணி ஒன்றைக் காட்டி விசாரித்தாள்.

"ஆளுக்கு ஒரு வடிவம்மா. யார் செக் பண்ணினதுன்னு தெரியணும் இல்லையா? தப்பு நடந்தா இவங்க மேல போட்டு அவங்க தப்பிச்சுக்கக் கூடாது."

"இலை யாருது?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாது. மூணேகால் மணிக்கு மூணாம் படகு வரும். அப்புறம் நாலு மணிக்குத்தான் கிளம்பும். நடுவுல நீங்களே பாத்துக்குங்க."

வக்கணை டிக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு காபிக் கடைக்குப் போனான், டெய்லரம்மாவுக்குத் துணையாக. அண்ணி மட்டும் துறையில் நின்றாள்.

மூன்றாம் படகு வந்து, கூட்டம் இறங்கி, ஊழியர்கள் ஒவ்வொருவராகப் பின்பக்க அறைக்குப் போனார்கள். அறை வாசலில் ஈரக் கயிறு சுருட்டிக் கிடந்தது. உள்ளே சுவரில் மிதவை அங்கிகள், ஒரு நேர அட்டவணை, மூலையில் ஒரு காபி மிஷின். மிஷினுக்கு முன்னால் கருநீலச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இடுப்பில் சங்கிலியில் ஓட்டை போடும் இடுக்கி தொங்கியது. புகைப்படத்தில் இருந்தது இருபத்திரண்டு வயது முகம். இது அதற்குப் பிறகு வேறு ஏதோ படித்துவிட்டு வந்த முகம்.

அண்ணி புகைப்படத்தை எடுக்கவில்லை. வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அந்தப் பெண் அதைப் பார்த்தாள். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எந்த வருஷத்துது?"

"போன வருஷம்."

"காலையில வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இடுக்கி சரியா வெட்டுதான்னு ஒரு தாள்ல அழுத்திப் பாப்போம். அந்தக் கட்டுலேருந்தே கிழிச்சிருக்கேன். கவனிக்கல." தன்மேலேயே எரிச்சல்பட்ட மாதிரி சொன்னாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள். "நீங்க போலீஸா?"

"இல்லம்மா. உங்கம்மா தேடச் சொன்னாங்க."

"நான் ஏன் போனேன்னு சொன்னாங்களா?"

"தெரியலைன்னாங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

"உக்காருங்க" என்றாள். "எனக்கு நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. ஒரு தடவை சொல்லிடறேன், அப்புறம் நீங்க போயிடணும். ஆறு வருஷம் முன்னாடி எங்க கார் ஒரு சைக்கிள்மேல ஏறுச்சு. ஓட்டினது அண்ணன். பக்கத்துல நான். பின்சீட்ல அம்மா, டெலிவரி பண்ண வேண்டிய துணி மூட்டையோட. சைக்கிள்ல வந்தவர் ஒரு பெயின்டர். அங்கயே போயிட்டார்."

அண்ணி நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டாள்.

"அண்ணனுக்கு வெளிநாட்டு வேலைக்கு ஆர்டர் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. ஸ்டேஷன்ல அம்மா என்னைத் தனியா கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் குடுத்தாங்க. 'அடியில கையெழுத்து மட்டும் போடும்மா, மிச்சத்தை வக்கீல் பாத்துக்குவார்'னாங்க. போட்டேன். பெத்த அம்மா நீட்டுற தாளை யாராவது திருப்பித் திருப்பிப் பாப்பாங்களா? ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அதுல நான்தான் ஓட்டினேன்னு எழுதியிருக்குன்னு."

"கோர்ட்ல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் எழுந்து நின்னேன். அம்மா முதல் வரிசையில உக்காந்திருந்தாங்க. மடியில ரெண்டு கையையும் சேத்து வெச்சு, யாருக்கும் தெரியாம, என்னைப் பாத்துக் கும்பிட்டாங்க." அவள் கையைச் சேர்த்துக் காட்டவில்லை. மேசைமேல் அப்படியே வைத்திருந்தாள். "உக்காந்துட்டேன். பதினோரு மாசம். வெளியில வந்த அன்னிக்கே பஸ் ஏறிட்டேன்."

கவர் வரும் தேதி எதன் தேதி என்று அண்ணி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"தீர்ப்பு வந்த நாளு. அம்மா குடுத்த தாளைத்தான் திருப்பி அனுப்புறேன். கையெழுத்து இல்லாம."

அண்ணிக்குத் தன்மேல் கோபம் வந்தது. பதினாறு வருடம் நீதிமன்றத்தில் இருந்தவள் எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டியது பழைய வழக்குப் பதிவுகளை. பார்க்கவில்லை. அழுத தாயைப் பார்த்தாள், அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். பழக்கதோஷம்.

"கேஸைத் திரும்ப எடுக்கலாம்மா. எனக்கு வழி தெரியும். நல்ல வக்கீல்..."

"வேண்டாம்." அவள் குரல் உயரவில்லை. "இந்த ஊர்ல எல்லாரும் எங்கேயிருந்தோ வந்தவங்க. 'நீ யார் வீட்டுப் பொண்ணு, எங்க இருந்த'ன்னு யாரும் கேக்கறதில்லை. கேஸுன்னு ஆரம்பிச்சா முதல்ல இங்கதான் தெரியும். அப்புறம் நான் எந்த ஊருக்குப் போறது? நான் நிரபராதின்னு எனக்குத் தெரியும். அது போதும்னு நினைச்சு நினைச்சுத்தான் தினமும் எந்திரிக்கிறேன். தயவுசெஞ்சு அதைக் கலைச்சுடாதீங்க."

"அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"கிடைக்கலைன்னு."

"அப்ப தாளு?"

முதல்முறையாக அவள் தடுமாறினாள். "நிறுத்தணும்னுதான் பாக்கறேன். அந்த மாசம் வந்தா கை தானா கவரைத் தேடுது."

சங்கு ஊதியது. அவள் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

அண்ணி காபிக் கடைக்குத் திரும்பும் வழி நெடுக, சொல்ல வேண்டிய பொய்யை ஒத்திகை பார்த்தாள். 'இலை ஓட்டை போட்டவங்க வேலையை விட்டுப் போயிட்டாங்களாம்.' நன்றாகத்தான் இருந்தது. அடுத்தவர் பொய்களை எழுதிப் பழகிய கைக்கு ஒரு பொய் தயாரிப்பது சிரமமாக இல்லை. ஆனால் யாருக்காகப் பொய் சொல்கிறோம் என்பதுதான் குழப்பமாக இருந்தது. கட்சிக்காரர் தாய். நியாயம் மகள் பக்கம்.

கடையில் வக்கணை மட்டும் நின்றிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"டெய்லரம்மா எங்க?"

"பாத்ரூம் போறேன்னாங்க அண்ணி. கால் மணி ஆச்சு. இப்பத்தான் ஒரு அம்மாவை உள்ள அனுப்பிப் பாக்கச் சொன்னேன். இல்லையாம்."

"அந்த டிக்கெட்டெல்லாம் எங்க வெச்சீங்க?"

வக்கணை மேசையைப் பார்த்தான். நங்கூரம், முக்கோணம், பிறைநிலா எல்லாம் தனித்தனியாக அடுக்கி இருந்தன. இலை அடுக்கில் ஒன்று குறைந்தது. "பெருமையா வரிசைப்படுத்திக் காட்டினேன் அண்ணி. 'மூணாம் படகு, நாலு மணி'ன்னு நானே வாயால சொன்னேன்." தன் வாயைக் காட்டினான். "இதைத் தைச்சுடலாம்னு பாத்தா டெய்லரம்மாவும் இல்ல."

இருவரும் ஓடினார்கள். அண்ணி ஓடி எத்தனையோ வருடமாகியிருந்தது. மஞ்சள் கொடிக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது, சுற்றிக்கொண்டு போவதற்குள் மூச்சு வாங்கியது. துறையை அடைந்தபோது மூன்றாம் படகு கயிற்றை அவிழ்த்துவிட்டு, கரைக்கும் தனக்கும் நடுவில் இருபதடித் தண்ணீரை விட்டிருந்தது. கீழ்த்தளத்து ஜன்னலில், பச்சை நிறக் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு டெய்லரம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கரையைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி டிக்கெட் கூண்டுக்குப் போனாள். "படகுக்குச் சொல்ல வழி இருக்கா? ரேடியோ?"

"இருக்கும்மா. அவசரமா? யாருக்காவது உடம்பு முடியலையா?"

"இல்ல. ஒரு அம்மா படகுல ஏறிட்டாங்க."

கூண்டுக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "படகு அதுக்குத்தானேம்மா இருக்கு?"

'தயவுசெஞ்சு கலைச்சுடாதீங்க' என்ற குரல் அண்ணியின் காதில் இருந்தது. அந்தப் பெண் சொல்லி முழுதாகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"எப்பத் திரும்பும்?"

"அம்பது நிமிஷம். ஏரியைச் சுத்திட்டு இங்கதான் வரும்."

ஐம்பது நிமிடம் அவர்கள் துறையில் நின்றார்கள். உட்காரலாம், பெஞ்ச் இருந்தது. உட்காரவில்லை. படகு சின்னதாகி, ஏரி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, திருப்பத்தில் மறைந்துபோனது. பக்கத்தில் யாரோ குழந்தைக்கு வாத்தைக் காட்டினார்கள். வேறொரு குடும்பம் அண்ணியிடம் கேமராவைக் கொடுத்துத் தங்களைப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் சிரிக்கிறார்களா என்று பார்த்து, இன்னொன்றும் எடுத்துக் கொடுத்தாள். பிறகு அந்த மகள் சொன்னதை வக்கணையிடம் சுருக்கமாகச் சொன்னாள். சுருக்கமாகச் சொல்வது அவளுக்குக் கைவந்த கலை. ஆனாலும் நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டிவந்தது.

வக்கணை கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அண்ணி, இந்நேரம் டிக்கெட் பாக்கற நேரம்."

"ம்."

"கத்துவாங்களா?"

"யாரு?"

"ரெண்டு பேர்ல யாராவது."

"தெரியல."

"நீங்க தெரியலன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல" என்றான் வக்கணை. அதில் கிண்டல் இல்லை.

படகு வந்து சேர்ந்தது. பலகையைப் போட்டார்கள். பலகையின் ஓரத்தில் அந்தப் பெண் நின்று, இறங்குகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். கூட்டம் முழுவதும் இறங்கி முடிந்தபிறகு கடைசியாக டெய்லரம்மா வந்தாள். முழங்கால் வலியில் முதல் அடி தடுமாறியது. அந்தப் பெண் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள், இரண்டாவது அடி வரைக்கும், மூன்றாவது அடி வரைக்கும். பிறகு விட்டுவிட்டு, கயிற்றைச் சுருட்டக் குனிந்துகொண்டாள்.

டெய்லரம்மா அவர்களைப் பார்த்து நடந்து வந்தாள். அழுத தடயம் எதுவும் இல்லை.

"போலாமா அண்ணி? அஞ்சுக்குள்ள கிளம்பணும்னீங்களே."

காரில் ஏறி, நகரத்து எல்லை தாண்டியதும் டெய்லரம்மாவேதான் ஆரம்பித்தாள்.

"டிக்கெட் கேட்டா. குடுத்தேன். ஓட்டை போட்டுத் திருப்பிக் குடுத்தா. அடுத்த சீட்டுக்குப் போயிட்டா. இறங்கும்போது, 'பாத்து இறங்குங்க'ன்னா. எல்லார்கிட்டயும் சொல்றதுதான், எனக்கு முன்னாடி போனவங்ககிட்டயும் சொன்னா." தன் முழங்கையைத் தடவிக்கொண்டாள். "பிடிச்ச கையில எலும்பு தட்டுப்படற அளவுக்கு மெலிஞ்சிருக்கா."

"நீங்க எதுவும் பேசலையா?" வக்கணை கேட்டான்.

"பேசத்தானே போனேன். அம்பது நிமிஷமும் வாய் வரைக்கும் வந்துச்சு. என்னன்னு கூப்பிடறது? பேர் சொன்னா அவ திரும்பிப் பாக்கணும். அவ பாக்காம போயிட்டான்னா..." கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உங்ககிட்ட எல்லாம் சொல்லியிருப்பா. உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. என்னைக் கேவலமா நினைக்கிறீங்களா அண்ணி?"

அண்ணி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். கேவலமாக நினைக்க வேண்டும் என்றுதான் துறையில் நின்றபோது முடிவு செய்திருந்தாள்.

"ரெண்டு பேரும் என் புள்ளைங்கதான்" என்றாள் டெய்லரம்மா. "அன்னிக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு பாத்தேன். அவன் தாங்க மாட்டான்னு தோணுச்சு. அவ தாங்குவான்னு தோணுச்சு. தாங்குற புள்ளை தலையில வெச்சுட்டேன்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. மகன். தையல் மிஷின் சத்தத்தில் காது மந்தமாகிப்போனதால் டெய்லரம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். பழக்கத்தில் அதையே அழுத்தினாள்.

"அம்மா, எங்க இருக்கீங்க? அவ கிடைச்சாளா?"

டெய்லரம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இல்லப்பா. கிடைக்கல."

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பெரிய மூச்சு. சுமையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு.

"நல்லதும்மா" என்றான் மகன். உடனே பதறிக்கொண்டு, "அதாவது, நல்லபடியா ஊர் போய்ச் சேருங்கன்னு சொன்னேன். போதும்மா, இனிமே அலையாதீங்க. உடம்பைப் பாத்துக்குங்க."

"சரிப்பா. சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா."

போன் அணைந்தது. டெய்லரம்மா கைப்பையைத் திறந்து, உள்பக்கத் தையலைப் பிரித்து, ஒரு தாளை எடுத்தாள். இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

"அவன்தான் ஓட்டினான்னு நானே எழுதினது. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேன். நாலு தடவை ஸ்டேஷன் வாசல் வரைக்கும் கொண்டுபோயிட்டுத் திரும்பி வந்துட்டேன். அவகிட்ட குடுத்துடலாம், அவ என்ன வேணா செஞ்சுக்கட்டும்னுதான் உங்களைத் தேடச் சொன்னேன். இன்னிக்குக் கை பைக்குள்ளதான் இருந்துச்சு, வெளியில வரல." தாளை முன்சீட்டுப் பக்கம் நீட்டினாள். "நீங்க வெச்சுக்குங்க அண்ணி. நாளைக்கு நானே வந்து அழுது கேட்டாலும் திருப்பிக் குடுக்காதீங்க."

அண்ணி வாங்கினாள். படிக்காமல் மடித்தாள். இதை வைத்து வழக்கைத் திறக்கக் கூடாது என்று ஒருத்தி கெஞ்சியிருக்கிறாள். இதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று இன்னொருத்தி கெஞ்சுகிறாள். இரண்டு பேருக்கும் தலையாட்டியாயிற்று. இறந்துபோன பெயின்டரின் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தாளைத் தன் குறிப்பேட்டுக்குள் வைத்து, ரப்பர் பட்டையைப் போட்டாள்.

கார் இரண்டு மைல்கூடப் போயிருக்காது.

"அண்ணி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அதை ஒரு நிமிஷம் குடுங்களேன். தேதி சரியாப் போட்டிருக்கேனான்னு பாத்துட்டுத் தந்துடறேன்."

அண்ணி குறிப்பேட்டை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றாள்.